மலக்குடலில் அரிய வகைக் கட்டியா? அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொலோனோஸ்கோபி செய்துகொண்ட சில நாள்களில் மருத்துவமனையிலிருந்து உங்களுக்கு அழைப்பு வருகிறது. மலக்குடலில் ஒரு கட்டி இருக்கிறது, மருத்துவர் நேரில் பேச விரும்புகிறார் என்கிறார்கள். அந்த நேரத்தில் பலருக்கும் மனத்தில் எழுவது இரண்டு கேள்விகள். முதல் கேள்வி, "இது புற்றுநோயா?" இரண்டாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதே இல்லை: "இனி வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை மாட்டிக்கொள்ள வேண்டுமா?"

இரண்டுக்குமான பதில், அது எந்த வகைக் கட்டி என்பதைப் பொறுத்தது. மலக்குடலில் வரும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலானவை குடலின் உட்பரப்பில் சிறு முளையாகத் தொடங்கி, பல ஆண்டுகளில் வளரும் வழக்கமான புற்றுநோய். சிலருக்கு மட்டும் அரிதாகக் காணப்படும் வேறு வகைக் கட்டிகள் வருகின்றன. அவற்றில் இரண்டைப் பற்றி இந்தக் கையேடு விளக்குகிறது. ஒன்று நியூரோஎண்டோகிரைன் கட்டி. மற்றொன்று ஜிஸ்ட் எனப்படும் கட்டி. இந்த இரண்டிலும், மலக்குடலையும் ஆசனவாயையும் விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அகற்றும் வாய்ப்பு பலருக்கு உண்டு. எல்லாருக்கும் இல்லை.

"அரிய" என்ற சொல்லைக் கேட்டதும் "கொடிய" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் பல, வழக்கமான மலக்குடல் புற்றுநோயைவிட எளிதாகக் குணப்படுத்தக்கூடியவை.

மலக்குடல் செய்யும் வேலை

பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் மலக்குடல். அதன் நீளம் ஏறக்குறைய 12 முதல் 15 செண்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. அது ஒரு குழாய் மட்டுமல்ல. மலம் வந்து சேரச் சேர விரிந்து கொடுக்கும் பை போன்றது. ஓரளவு நிறைந்ததும் மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. அதற்குக் கீழே ஆசனவாயின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய நரம்புகள், வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கெட்டியான மலமா என்று பிரித்துணர்கின்றன. சுற்றிலும் இரண்டு சுருக்குத் தசைகள் உள்ளன. உள்ளே இருப்பது தானாக இயங்கும். வெளியே இருப்பதை நாம் விரும்பி இறுக்கலாம். பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது வீடு வரும்வரை அடக்கிக்கொள்ள முடிவது இதனால்தான்.

மலக்குடலை வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ள பெருங்குடலைக் கீழே இழுத்து இணைக்க முடியும். ஆனால் பெருங்குடலுக்கு அந்த அளவு விரிந்து கொடுக்கத் தெரியாது. அதனால் ஒரே முறையில் கழிய வேண்டியது நான்கைந்து முறையாகப் பிரிந்து வரும். அடக்க நேரமும் கிடைக்காது. மலக்குடலை ஒட்டிச் செல்லும் நரம்புகள் சிறுநீர்ப்பைக்கும் தாம்பத்திய உறவுக்கும் உரியவை என்பதால், பெரிய அறுவையில் அவையும் பாதிக்கப்படலாம். எனவே தேவையில்லாத இடத்தில் மலக்குடலை எடுக்காமல் இருப்பது, நோயாளியின் அன்றாட வாழ்க்கைக்குப் பெரிய உதவி.

பை பற்றிய அச்சம் நம்மிடையே ஆழமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1908ஆம் ஆண்டில் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர், மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து அகற்றும் முறையை விவரித்து எழுதினார். நிரந்தரமாக வயிற்றில் ஒரு திறப்பு வைக்க வேண்டிய அந்த முறை பல உயிர்களைக் காப்பாற்றியது. பல பத்தாண்டுகளுக்கு மலக்குடல் புற்றுநோய்க்கு அதுவே முக்கிய சிகிச்சையாக இருந்தது. உங்கள் உறவினர் ஒருவருக்கு 40 ஆண்டுகளுக்கு முன் செய்தது அதுவாக இருக்கலாம். இன்றும் அது தேவைப்படுவோர் உண்டு. ஆனால் அது ஒன்றே வழி என்ற காலம் முடிந்துவிட்டது.

முதலில் கட்டியின் பெயர்

கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நோய்க்கூறியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து, சிறப்புச் சாயங்களைப் பயன்படுத்தி அதன் வகையைச் சொல்கிறார். இதுதான் திசுப் பரிசோதனை. இந்த முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். காத்திருப்பது கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் பெயர் தெரிவதற்கு முன் அறுவைக்கு நாள் குறிக்க அவசரப்பட வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும் இரண்டு கட்டிகளுக்கு முற்றிலும் வேறு சிகிச்சை தேவைப்படலாம்.

ஜிஸ்ட் கட்டி குடலின் உட்பரப்பில் தோன்றுவதில்லை. சுவரின் தசைப் பகுதியில் தோன்றுகிறது. அதனால் கொலோனோஸ்கோபியின்போது மேலாகக் கிள்ளி எடுக்கும் துணுக்கில் அது அகப்படாமல் போகலாம். அப்போது உள்நோக்கி அல்ட்ராசவுண்ட் உதவியுடன் மெல்லிய ஊசியால் மீண்டும் மாதிரி எடுப்பார்கள். "முதலில் எடுத்தது வீணாகிவிட்டதா?" என்று வருந்த வேண்டாம். இந்தக் கட்டியில் அது இயல்பு.

மருத்துவரைச் சந்திக்கும்போது நான்கு விவரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டியின் பெயர் என்ன? எத்தனை செண்டிமீட்டர் பெரியது? குடல் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது? ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது? நீங்கள் வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினாலும் இந்த நான்கும்தான் முதலில் தேவைப்படும்.

நியூரோஎண்டோகிரைன் கட்டி

குடலின் சுவரில், இயக்குநீர் சுரக்கும் நுண்ணிய அணுக்கள் ஆங்காங்கே உள்ளன. அவற்றிலிருந்து தோன்றுவது இந்தக் கட்டி. இதைச் சில மருத்துவர்கள் இன்னும் "கார்சினாய்டு" என்ற பழைய பெயரால் அழைப்பார்கள். 1907ஆம் ஆண்டில் ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் ஒபெர்ன்டார்ஃபர் வைத்த பெயர் அது. "புற்றுநோயைப் போன்றது" என்று பொருள். முற்றிலும் தீங்கற்றது என்று அவர் முதலில் எண்ணினார். சில கட்டிகள் பரவக்கூடியவை என்பதைப் பின்னர் அவரே ஏற்றுக்கொண்டார்.

பெரும்பாலும் இந்தக் கட்டி எந்த அறிகுறியும் தராது. வேறு காரணத்துக்காகச் செய்த கொலோனோஸ்கோபியில் மஞ்சள் நிறமான, உருண்டையான சிறு புடைப்பாகத் தென்படும். பாதிப் பட்டாணி அளவுகூட இருக்கலாம்.

சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அளவு மிக முக்கியம். 1 செண்டிமீட்டருக்குக் குறைவாகவும், மெதுவாக வளரும் தரமாகவும், தசைக்குள் செல்லாமலும் இருந்தால், அது வேறிடத்துக்குப் பரவியிருப்பது அரிது. உள்நோக்கிக் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம். வயிற்றில் வெட்டு இல்லை. பை இல்லை. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். 2 செண்டிமீட்டரைத் தாண்டினால், அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கும் வாய்ப்பு கணிசமாக உயர்கிறது. அப்போது மலக்குடலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றும் பெரிய அறுவை தேவைப்படலாம். ஏற்கெனவே தொலைவில் பரவியிருந்தால் மருந்து சிகிச்சைக்கு முதலிடம் தருவார்கள்.

இவற்றுக்கு இடைப்பட்டவை, அதாவது 1 முதல் 2 செண்டிமீட்டர் வரையிலான கட்டிகள், மருத்துவர்களையே யோசிக்க வைப்பவை. எம்ஆர்ஐ, உள்நோக்கி அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றில் கட்டி ஆழமாகச் செல்லவில்லை, முடிச்சுகள் வீங்கவில்லை என்று தெரிந்தால், ஆசனவாய் வழியாகக் கருவிகளைச் செலுத்திக் குடல் சுவரின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்துவிடலாம். 1980களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் புய்ஸ் உருவாக்கிய இந்த முறை இப்போது பல வடிவங்களில் செய்யப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டி உட்பரப்புக்குக் கீழே வேர் விட்டிருக்கும். சாதாரண குடல் முளை என்று நினைத்துக் கம்பி வளையத்தால் சுருக்கி வெட்டினால் அடியில் கொஞ்சம் தங்கிவிடக்கூடும். உங்களுக்கு அப்படி ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தால், "விளிம்பில் கட்டி எஞ்சியுள்ளதா?" என்று கேளுங்கள். எஞ்சியிருந்தால் அதே இடத்தை மறுபடியும் ஆழமாக வெட்டி எடுக்க வேண்டி வரலாம். அதையும் பெரும்பாலும் ஆசனவாய் வழியாகவே செய்யலாம்.

அறிக்கையில் "கேஐ-67" என்று ஓர் எண் இருக்கும். கட்டியின் அணுக்களில் நூற்றுக்கு எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. 3 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் முதல் தரம், மெதுவாக வளர்வது. 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் என்றால் வேகமாக வளர்வது. அதற்கு, கட்டி சிறியதாக இருந்தாலும், இங்கே சொன்ன எளிய சிகிச்சை போதாது.

ஜிஸ்ட் கட்டி

குடல் சுருங்கி விரிவதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் ஒரு வகை அணுக்கள் குடல் சுவரில் உள்ளன. அவற்றோடு தொடர்புடையது ஜிஸ்ட். பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் வரும். மலக்குடலில் வருவது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து போலத்தான். இரத்தக் கசிவு, மலம் கழிப்பதில் சிரமம், உட்காரும்போது அழுத்தம் ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டு, சுக்கிலச் சுரப்பி வீக்கம் என்று முதலில் எண்ணப்படுவதும் உண்டு.

இந்த நோயின் சிகிச்சை கடந்த 25 ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், பல ஜிஸ்ட் கட்டிகளில் "கிட்" என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம், அணுக்களைப் பெருகும்படி ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஃபின்லாந்தில், வேறு சிகிச்சை எதுவும் பலன் தராத ஒரு நோயாளிக்கு, இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாட்டினிப் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜிஸ்ட் நோய்க்கு அந்த மருந்து அனுமதி பெற்றது.

மலக்குடல் ஜிஸ்ட் உள்ளவர்களுக்கு இதனால் என்ன பயன்? பெரிய கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால், உடனே அறுவை செய்யும்போது ஆசனவாயையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக முதலில் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள். பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை. இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சுருங்கிச் சுருக்குத் தசையிலிருந்து விலகியதும் அதை மட்டும் அகற்றுகிறார்கள். ஜிஸ்ட் கட்டி நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது மிக அரிது. அதனால் வழக்கமான புற்றுநோயில் செய்வதைப் போல முடிச்சுகளையும் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து எடுக்கத் தேவையில்லை. கட்டி உடையாமல், சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு முழுமையாக வெளியே வந்தால் போதும்.

அறுவைக்கு ஓராண்டு காத்திருக்கச் சொன்னால், "மருத்துவர் என்னைக் கைவிட்டுவிட்டாரோ" என்று தோன்றலாம். அல்ல, அந்த மாதங்கள்தான் சிகிச்சையின் முதல் பகுதி. முதல் ஸ்கேனில் அளவு குறையாமல் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். சில சமயம் கட்டி முதலில் மென்மையாகி, பிறகுதான் சுருங்கும்.

ஆனால் மரபணு மாற்றங்களிலும் வகைகள் உள்ளன. சிலவற்றுக்கு இமாட்டினிப் வேலை செய்யாது. எனவே மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்யப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும். கண்களைச் சுற்றி வீக்கம், கால் பிடிப்பு, களைப்பு ஆகியவை வரலாம். கிரேப்ஃபுரூட் பழத்தைத் தவிருங்கள். பம்ப்ளிமாஸ் அதே இனத்தைச் சேர்ந்தது என்பதால் அதைச் சாப்பிடலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும், நாட்டு மருந்து, மூலிகைச் சூரணம் ஏதேனும் சாப்பிடுபவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டி சுருங்கிவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் அது மீண்டும் வளரக்கூடும். திரும்ப வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் 3 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கொடுப்பது வழக்கம்.

செலவு பற்றிய கவலை இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரைத் தொடக்கத்திலேயே சந்தியுங்கள். மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் ஆகியவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் விளக்குவார். பணத்துக்காக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட வேண்டாம்.

ஆசனவாயைக் காப்பது எப்போதும் நல்லதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கையேடு முழுமையாகாது.

சிலருக்கு அறுவைக்கு முன்பே சுருக்குத் தசை தளர்ந்திருக்கும். பல பிரசவங்கள் கண்ட பெண்கள், மூல அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட கால நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது நேரலாம். தும்மினால் கசிகிறது, கழிவறைக்குப் போவதற்குள் வந்துவிடுகிறது என்று இருந்தும், வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் உள்ளாடையில் துணி வைத்துச் சமாளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பெரிய அறுவை செய்து ஆசனவாயை மட்டும் காப்பாற்றினால், நாள் முழுவதும் கழிவறைக்கு அருகிலேயே இருக்கும் நிலை வரலாம். அதைவிட வயிற்றில் ஒரு திறப்பு வைத்துக்கொண்டு, துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நிம்மதியாகப் போய்வருவது சிலருக்கு மேலாக இருக்கும்.

ஆகவே உங்கள் பழக்கத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் அடக்க முடியும், காற்றும் மலமும் பிரித்துத் தெரிகிறதா, இரவில் கசிகிறதா என்பவை மருத்துவருக்கு ஸ்கேனுக்கு நிகரான தகவல்கள். மகனோ மருமகளோ அருகில் இருப்பதால் பேசக் கூச்சமாக இருந்தால், அவர்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று சந்திப்பு நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது, பெற்றோர் பயந்துவிடுவார்களே என்று சிலவற்றை விட்டுவிடுவதுண்டு. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

வயிற்றில் வைக்கும் திறப்பை மருத்துவமனையில் "ஸ்டோமா" என்பார்கள். கிரேக்க மொழியில் அதற்கு "வாய்" என்று பொருள். ஆசனவாய் என்று நாம் சொல்வதும் அதே எண்ணத்தில்தான். பெரிய அறுவைக்குப் பிறகு தையல் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் தற்காலிகத் திறப்பு வைப்பதும் உண்டு. "நிரந்தரமா, தற்காலிகமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற தாதி, பையை மாற்றவும் தோலைப் பராமரிக்கவும் கற்றுத் தருவார். பையுடன் குளிக்கலாம். சேலையும் வேட்டியும் கட்டலாம். கட்டும் இடம் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே தாதியிடம் காட்டினால், திறப்புக்கு இடம் குறிக்கும்போது அதைக் கவனத்தில் கொள்வார்.

வீடு திரும்பிய பிறகு

கட்டியை மட்டும் அகற்றியவர்களுக்குச் சில நாள்கள் லேசான இரத்தக் கசிவும், அவசரமாக வருவது போன்ற உணர்வும் இருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். கட்டி கட்டியாக இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 995 எண்ணை அழையுங்கள்.

மலக்குடலின் பெரும்பகுதியை அகற்றியவர்களுக்குப் பழகுவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம். சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு ஆகியவை மலத்தைக் கெட்டியாக்க உதவும். மிளகாய், எண்ணெயில் பொரித்தவை, தே தாரிக், காப்பி ஆகியவை பலருக்கு அவசரத்தைக் கூட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரிந்துவிடும். நார்ச்சத்துத் தூளான இசப்கோலைக் குறைந்த தண்ணீரில் கலந்து எடுத்தால் சிலருக்கு மலம் திரளும். எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். லோபெராமைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை உடற்பயிற்சி சிகிச்சையாளர் கற்றுத் தருவார். காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, சில விநாடிகள் பிடித்து, பிறகு முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்க வேண்டாம். அறுவைக்குப் பின் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அடிக்கடி கழுவுவதால் தோல் எரிந்தால், தேய்க்காமல் ஒற்றித் துடைத்துப் பாதுகாப்புக் களிம்பு பூசுங்கள். இவை எதுவும் பலன் தராவிட்டால், ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்யும் முறையும் உள்ளது. "உயிர் பிழைத்ததே போதும்" என்று இதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். மறுபரிசோதனைக்குச் செல்லும்போது கேளுங்கள்.

மலப் பரிசோதனை போதுமா?

50 வயதைத் தாண்டிய அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வழக்கமான குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க அது மிகவும் உதவுகிறது. ஆனால் இங்கே சொன்ன இரண்டு கட்டிகளும் குடலின் உட்பரப்புக்கு அடியில் வளர்பவை. இரத்தம் கசியாமலே இருக்கலாம். எனவே பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தால், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், கழித்த பிறகும் மீதம் இருப்பது போலவே தோன்றினால், அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். விரலால் ஆசனவாய்க்குள் பரிசோதிக்க மருத்துவர் அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சோதனையில், கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகள் பல தட்டுப்பட்டுவிடும்.